பள்ளிவாசல் படியில் நானும் உட்காரணுமா?

கேள்வி: எனக்கு 33 வயது. ஊர் கிருஷ்ணகிரிப் பக்கம். கல்யாணமாகி பெங்களூரு வந்து 11 வருஷம். மூன்று பெண் குழந்தைகள், கடைசிக்கு ஒன்றரை வயது. கணவர் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறார். மூன்றாவதும் பெண் என்று தெரிந்ததிலிருந்து அவர் பேச்சே மாறிவிட்டது. ஏழு மாதத்துக்கு முன் அவர் அம்மா வீட்டுக்குப் போனவர் திரும்பவில்லை. பிறகு வாட்ஸ்ஆப்பில் 14 நொடிக்கு ஒரு குரல் பதிவு வந்தது. தலாக் என்று மூன்று தடவை. மாமியார் 'இத்தா இரு', தலாக்குக்குப் பிறகு மூன்று மாதம் வீட்டோடு இரு என்கிறார். ஜமாத்தில் எழுதிக் கொடுத்தேன். நோன்பு முடியட்டும் என்றார்கள், அப்புறம் ஹஜ்ஜுப் பெருநாள் போகட்டும் என்றார்கள். பக்கத்து வீட்டு கன்னட அக்கா 'ஹசீனா' படத்தைப் போட்டுக் காட்டினார். பாதியில் எழுந்து போய்விட்டேன். பிறகு வந்து முழுசும் பார்த்தேன். அவளைப் போல நானும் நியாயம் கேட்டுப் பிள்ளைகளோடு பள்ளிவாசல் படியில் உட்காரணுமா? கோர்ட்டுக்குப் போனால் தீனை, நம் மார்க்கத்தை விட்டுப் போன மாதிரி ஆகிவிடுமா? இப்போது நான் அவருக்கு மனைவியா, இல்லையா? வீட்டில் சேலைக்கு ஃபால்ஸ் தைக்கிறேன், அது வாடகைக்கே காணாது. மூத்தவள் எல்லாவற்றையும் கவனிக்கிறாள், ஒன்றும் கேட்பதில்லை. (பெயர் வேண்டாம்.)

பதில்:

அன்புச் சகோதரிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

மனைவியா இல்லையா என்று கேட்டிருக்கிறீர்களே, அதிலிருந்து தொடங்குகிறேன். அது தெளியாமல் மற்ற எதுவும் நகராது. நீங்கள் இன்றைக்கும் அவருடைய மனைவிதான். 2017 ஆகஸ்ட் 22 அன்று ஷாயரா பானு வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் மூன்று பேர், ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக்கைத் தள்ளிவிட்டார்கள். 2019-ல் நாடாளுமன்றம் அதற்கென்றே சட்டம் போட்டது. வாயால் சொன்னாலும், எழுதிக் கொடுத்தாலும், போனில் அனுப்பினாலும் அந்தத் தலாக் செல்லாது, சொன்னவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை என்று அதில் இருக்கிறது. அந்த 14 நொடிப் பதிவு உங்கள் நிக்காஹை முறிக்கவில்லை. அவர் பெயரில் ஒரு குற்றத்தைத்தான் ஏற்றி வைத்திருக்கிறது. அதை அழித்துவிடாதீர்கள். போனை மாற்றாதீர்கள், விற்காதீர்கள், வாட்ஸ்ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றாதீர்கள். நம்பிக்கையான ஒருவருடைய போனுக்கும் அனுப்பி வையுங்கள்.

உங்கள் தெருவிலேயே யாராவது, 'சட்டம் என்ன சொன்னாலும் ஹனஃபி வழியில் மூன்று சொன்னால் மூன்றுதான்' என்று சொல்லக்கூடும். (ஹனஃபி என்பது இஸ்லாமியச் சட்ட மரபுகளில் ஒன்று.) அப்படிச் சொல்லும் ஆலிம்கள், மார்க்க அறிஞர்கள், இருக்கிறார்கள், மறைக்க மாட்டேன். அந்த உறுத்தல் உங்களுக்கு இருந்தால் படித்த, நிதானமான ஒரு ஆலிமிடம் தனியாகக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். ஆனால் அந்தத் தெளிவு வரும்வரை அரிசி வாங்காமல் இருக்க முடியாது. மாமியாரிடம் ஒன்று கேளுங்கள். இத்தா இருக்கச் சொல்கிறவர்கள் இத்தா காலத்துச் செலவைக் கொடுக்க வேண்டும் என்பதும் அதே மார்க்கம்தானே? ஏழு மாதத்தில் ஒரு ரூபாய் வந்ததா? நீங்கள் வீட்டுக்குள் அடைந்தால் தைத்த சேலையைக் கடையில் கொண்டுபோய்க் கொடுக்க ஆளில்லை. வக்கீலைப் பார்க்கப் போகவும் வழியில்லை. சட்டப்படி அந்த இத்தா உங்கள் மேல் இல்லை.

இனி ஹசீனா. நான் ஜூனியர் வக்கீலாகக் கோட்டு மாட்டி நடந்த நாட்களில் பார்த்த படம் அது. 2004-ல் கிரீஷ் காசரவள்ளி எடுத்தது. ஹசீனாவாக நடித்த தாராவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. கதை பானு முஷ்தாக்குடையது, 'கரி நாகரகளு' என்ற சிறுகதை. 2025-ல் சர்வதேச புக்கர் பரிசு வாங்கினாரே, அவர்தான். ஹாசன்காரர், அவரும் வழக்கறிஞர். நம்மைப் போன்ற பெண்கள் கட்டுக்கட்டாக மனுவோடு வந்து எதிரே உட்கார்ந்ததைப் பார்த்தவர். அதனால்தான் உங்களுக்கு அது உங்கள் கதை மாதிரி இருந்திருக்கிறது. ஆட்டோ ஓட்டும் கணவன், வரிசையாகப் பெண் குழந்தைகள், நாளை வா என்று சொல்லிக்கொண்டே இருக்கும் முத்தவல்லி. பாதியில் எழுந்து போனேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் அந்த மசூதி வாசல் காட்சியில் படத்தை நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றேன்.

அப்போது என்னை உறுத்தியது இன்னும் உறுத்துகிறது. ஹசீனா அந்தப் படியில் உட்கார்ந்த 2004-லேயே அவளுக்குச் சட்டம் இருந்தது. 2001-ல் டேனியல் லத்தீஃபி வழக்கில், தலாக் சொன்ன கணவன் இத்தா மூன்று மாதத்துக்கு மட்டும் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவ முடியாது, அவளுடைய பிற்காலத்துக்கும் சேர்த்து நியாயமான ஏற்பாட்டை அந்த மூன்று மாதத்துக்குள் செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. 2002-ல் ஷமீம் ஆரா வழக்கில், தலாக் என்றால் தக்க காரணம் வேண்டும், அதற்கு முன் இரண்டு பக்கமும் ஆள் வைத்துச் சமரசம் பேசியிருக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தது. குழந்தைகள் விஷயம் அதற்கும் முந்தியது. முஸ்லிம் தகப்பன் பிள்ளைகள் மேஜராகும்வரை, பெண்பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆகும்வரை செலவு கொடுக்க வேண்டும் என்று 1997-லேயே தீர்ப்பு வந்துவிட்டது. அத்தனையும் இருந்தது. அந்தத் தெருவுக்கு வந்து அவளிடம் சொல்லத்தான் ஆளில்லை.

முத்தவல்லி யார்? பள்ளிவாசலுக்கென்று ஒதுக்கிய வக்ஃப் சொத்தைப் பார்த்துக்கொள்ளும் நிர்வாகி. கடை வாடகை வசூல், கணக்கு, பள்ளிவாசல் பராமரிப்பு, இவை அவர் பொறுப்பு. கணவனை வரவழைத்து 'மாதம் இவ்வளவு கட்டு' என்று ஆணையிட அவருக்கு அதிகாரம் கிடையாது. அவர் நல்லவராக இருந்து உண்மையாகவே முயன்றாலும் கிடையாது. ஃபத்வாவோ, தாருல் கஸா என்ற ஷரீஅத் மன்றத்தின் தீர்ப்போ யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இல்லாத அதிகாரத்துக்காக நீங்கள் இரண்டு பெருநாள் காத்திருந்திருக்கிறீர்கள்.

அப்படியானால் படியில் உட்காருவது வீணா என்றால், வீண் என்று என் வாயால் சொல்ல மாட்டேன். குர்ஆனில் 58-வது அத்தியாயத்தின் பெயரே 'தர்க்கம் செய்பவள்'. கணவன் ஒரு வார்த்தையைச் சொல்லித் தன்னை விலக்கிவிட்டான் என்று ஒரு பெண் நபியிடம் வந்து வாதாடினாள், அவளுடைய முறையீட்டை அல்லாஹ் கேட்டுக்கொண்டான் என்றுதான் அந்த அத்தியாயம் தொடங்குகிறது. நியாயம் கேட்டுக் குரல் உயர்த்துவது நமக்குப் பழைய உரிமை. ஆனால் உங்கள் மடியில் ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கிறது. உட்காருவதானால் என்ன கிடைக்கும் என்று தெரிந்து உட்காருங்கள். ஜமாத்தால் ஜீவனாம்சம் தர முடியாது. மூன்று விஷயம் தர முடியும். உங்கள் நிக்காஹ் பதிவேட்டின் நகல். நீங்கள் இன்ன தேதியில் மனு கொடுத்தீர்கள் என்று முத்திரையிட்ட ஒப்புதல். இரு குடும்பத்திலும் ஆளுக்கு ஒருவரை வைத்துப் பேச்சு வார்த்தை, குர்ஆன் 4:35 சொல்கிறபடி. இந்த மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். நகலை இந்த வாரமே வாங்குங்கள், ஏனென்றால் கல்யாணம் நடந்ததற்கு நீதிமன்றத்தில் காட்ட அதுதான் நேரான சான்று. பேச்சு வார்த்தை நடக்கட்டும், நல்லது. அதற்காக மனுவை நிறுத்தி வைக்காதீர்கள்.

தீனை விட்டுப் போனதாகுமா என்று கேட்டீர்கள். இந்தக் கேள்வியை என் முன்னால் கேட்காத பெண்ணே இல்லை. பலர் நேராகக் கேட்பதில்லை, துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டே, 'அக்கா, பாவமில்லையே?' என்பார்கள். 1930-களில் நம் நாட்டில் என்ன நடந்தது தெரியுமா? கொடுமைக்காரக் கணவனிடமிருந்தும், காணாமல் போன கணவனிடமிருந்தும் விடுபட ஹனஃபி வழியில் பெண்ணுக்கு வாசல் இல்லை. சிலர் மதத்தையே விட்டால்தான் விடுதலை என்ற நிலைக்கு வந்தார்கள். அப்போது தேவ்பந்த் மரபின் பெரிய ஆலிமான மௌலானா அஷ்ரஃப் அலி தானவி, இன்னொரு சட்ட மரபான மாலிக்கி வழியிலிருந்து சட்டத்தை எடுத்துக்கொள்ளலாம், அந்தப் பெண்ணின் நிக்காஹை முறிக்கலாம் என்று விரிவாக எழுதினார். அதன் தொடர்ச்சியாகத்தான் 1939-ல் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் வந்தது. அதன்படி இன்றைக்கும் முஸ்லிம் பெண் நீதிமன்றத்தில் போய் முறிவு கேட்கலாம். இரண்டு ஆண்டு செலவு கொடுக்காதது ஒரு காரணம். கொடுமை இன்னொன்று. ஆக, நீதிமன்ற வாசலைக் காட்டிக் கொடுத்தவர்களில் ஆலிம்களும் உண்டு. இதை உங்களைக் கேள்வி கேட்கிறவர்களிடம் அமைதியாகச் சொல்லுங்கள்.

முறிவு வேண்டுமா வேண்டாமா என்று நீங்கள் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. மனைவி கேட்டுப் பிரியும் குலா, இருவரும் ஒத்துப் பிரியும் முபாரா, நீதிமன்றம் வழியான 1939 சட்டம் என்று வழிகள் இருக்கின்றன. அது உங்கள் முடிவு. பசியோடு எடுக்க வேண்டிய முடிவு இல்லை அது.

முதலில் காசு. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவில் உங்களுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் ஜீவனாம்ச மனு போட வேண்டும். 2024 ஜூலைக்கு முன்னால் 125-வது பிரிவு என்று எல்லோரும் சொன்னார்களே, அதேதான். எந்த மதத்துப் பெண்ணுக்கும் உரியது. 2024 ஜூலை 10 அன்று அப்துல் சமது வழக்கில், தலாக் ஆன முஸ்லிம் பெண்ணுக்கும் இது உண்டு என்று உச்ச நீதிமன்றம் மறுபடி உறுதி செய்தது. நாளைக்கு உங்கள் கணவர் முறையாகத் தலாக் கொடுத்துவிட்டேன் என்று வந்து நின்றாலும் மனு விழாது. அவர் வேறு கல்யாணம் செய்திருந்தால், 'என்னோடு வந்து வாழாமல் காசு கேட்கிறாள்' என்ற வாதமும் எடுபடாது. அந்த ஒரு காரணத்துக்காகவே நீங்கள் தனியாக இருக்கலாம் என்று அந்தப் பிரிவிலேயே இருக்கிறது.

இந்தோரில் ஷா பானு என்ற அம்மா, 43 வருஷம் வாழ்ந்த பிறகு கணவர் கைவிட்டதும் இதே பிரிவில்தான் போனார். முதலில் கிடைத்தது மாதம் 25 ரூபாய். உயர் நீதிமன்றம் அதை 179 ரூபாய் 20 காசாக்கியது. அந்தத் தொகைக்கு எதிராகத்தான் கணவர் உச்ச நீதிமன்றம் வரை போனார், 1985-ல் தோற்றார். அந்தக் காலத்தில் மாதம் 500 ரூபாய்க்கு மேல் கொடுக்கக் கூடாது என்று சட்டத்திலேயே உச்சவரம்பு இருந்தது. 2001-ல் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது அவருடைய வருமானத்தையும் உங்கள் செலவையும் பார்த்து நீதிமன்றம் முடிவு செய்யும்.

அதனால் செலவுக் கணக்குதான் உங்கள் ஆயுதம். சில வருஷத்துக்கு முன் சிவாஜிநகரிலிருந்து ஒரு பெண் என்னிடம் வந்தாள். கையில் மூத்த மகனின் பழைய கணக்கு நோட்டு. திறந்தால் பக்கம் பக்கமாகத் தமிழில் எழுதியிருந்தாள். பால் அரை லிட்டர். கேஸ், பாதிக்கு மேல் கடன். மகள் செருப்பு, ஒட்டியது. கடன் வந்த இடமெல்லாம் சிவப்பு மையில் வட்டம். எதிர்த்தரப்பு வக்கீல், 'இவர் வீட்டிலிருந்தே சம்பாதிக்கிறார்' என்று ஆரம்பித்தபோது நான் அந்த நோட்டை நீட்டினேன். நீதிபதி ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். சிவப்பு வட்டங்கள் எந்த மாதத்திலிருந்து வர ஆரம்பித்தன என்று கேட்டார். கணவன் போன மாதத்திலிருந்து. அன்றைக்கே இடைக்கால ஜீவனாம்சம் உத்தரவானது. நீங்களும் இன்றிரவு ஒரு நோட்டு எடுங்கள். வாடகை ரசீது, பள்ளிக் கட்டணம், தடுப்பூசி அட்டை, மருந்துச் சீட்டு, எல்லாவற்றையும் அதோடு சேர்த்து வையுங்கள். ஃபால்ஸ் தைப்பதில் வரும் காசையும் மறைக்காமல் எழுதுங்கள். 2020-ல் ரஜ்னேஷ் - நேஹா வழக்குக்குப் பிறகு இரண்டு தரப்பும் வருமானம், சொத்து, செலவைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். பெண் கொஞ்சம் சம்பாதிக்கிறாள் என்பதற்காகவே ஜீவனாம்சம் மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் பல தடவை சொல்லியாயிற்று. அந்த 2020 தீர்ப்பின்படி தொகை மனு போட்ட தேதியிலிருந்து கணக்காகும். ஒவ்வொரு மாதம் தள்ளும்போதும் ஒரு மாதப் பணம் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர், 'வண்டி ஓடவில்லை, வருமானம் இல்லை' என்பார். எல்லோரும் சொல்வதுதான். உடல் நலமுள்ள கணவன் கூலி வேலை செய்தாவது மனைவி மக்களைக் காக்க வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பதில் இருக்கிறது. சரக்கு ஆட்டோவின் பதிவு எண், எந்தக் கம்பெனிக்கு லோடு அடிக்கிறார், எந்தச் செயலியில் வண்டியை இணைத்திருக்கிறார் என்று தெரிந்ததை எழுதி வையுங்கள்.

மனுவை நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம். பெங்களூரு நகரம் என்றால் குடும்ப நீதிமன்றம், சித்தய்யா ரோட்டில் நியாய தேகுலா கட்டிடம். வக்கீலுக்குக் காசு இல்லை என்று தயங்காதீர்கள். 1987-ன் சட்டப் பணிகள் சட்டத்தில் பெண்ணுக்கு இலவச வக்கீல் உண்டு, வருமான வரம்பு எதுவும் பார்க்க மாட்டார்கள். 15100 என்ற எண்ணுக்கு அழையுங்கள். கன்னடம் எழுத வராது என்று கவலைப்பட வேண்டாம். தமிழில் சொல்லுங்கள், எழுதிக்கொள்ளும் ஆள் பெங்களூரில் கிடைப்பார்.

வாடகையும் நகையும் தனி மனு. 2005-ன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் மாஜிஸ்திரேட்டிடம் கேட்க வேண்டும். காசு கொடுக்காமல் பட்டினி போடுவதும் அந்தச் சட்டத்தில் வன்முறைதான், அடி விழுந்திருக்க வேண்டும் என்பதில்லை. வாடகையைக் கட்டு என்று உத்தரவு வாங்கலாம், மாமியாரிடம் உங்கள் நகை இருந்தால் திருப்பிக் கேட்கலாம். மஹர், அதாவது நிக்காஹில் அவர் உங்களுக்குத் தருவதாக ஒப்புக்கொண்ட தொகை, பாக்கி இருந்தால் அது எந்த நாளும் உங்களுடையது.

சிறை விஷயத்தில் என் கருத்தைச் சொல்கிறேன், உங்களுக்கு வேறாகத் தோன்றலாம். 2019 சட்டப்படி நீங்கள் போலீஸில் புகார் கொடுத்தால் அவரைக் கைது செய்யலாம். ஜாமீன் கொடுக்கும் முன் மாஜிஸ்திரேட் உங்களைக் கேட்க வேண்டும். பின்னால் நீங்கள் விரும்பினால் சமரசமாக முடிக்கவும் இடமுண்டு. கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உள்ளே இருக்கும் ஆளிடம் மாதப் பணம் வாங்குவது கஷ்டம். என்னிடம் வருகிறவர்களுக்கு நான் முதலில் ஜீவனாம்ச மனுவைத்தான் போடுகிறேன். அதே 2019 சட்டத்தின் 5-வது பிரிவில், முத்தலாக் சொல்லப்பட்ட பெண்ணுக்கும் பிள்ளைகளுக்கும் மாஜிஸ்திரேட் பிழைப்புத் தொகை நிர்ணயிக்கலாம், குழந்தைகளைத் தாயிடமே வைத்துக்கொள்ளவும் 6-வது பிரிவில் உரிமை இருக்கிறது. அவர் மிரட்டினால், வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினால் நிலைமை வேறு. அப்போது காத்திருக்காதீர்கள். 112-க்கோ 181-க்கோ உடனே அழையுங்கள்.

கடிதத்தின் ஓரத்தில், அடித்துவிட்டு மறுபடி எழுதிய ஒரு வரி இருந்தது. "மூணும் பொட்டையா பெத்தேன், தப்பு என் மேலயும் இருக்குமோ" என்று. சகோதரி, தாயின் கருமுட்டையில் எக்ஸ் மட்டும்தான் உண்டு. எக்ஸா ஒய்யா என்பதைக் கொண்டுவருவது தகப்பனின் விந்தணு. அதையும் அவர் தேர்ந்தெடுத்துக் கொண்டுவருவதில்லை. மகனோ மகளோ தான் நாடியவருக்குக் கொடுப்பதாக அல்லாஹ் சொல்கிறான், 42-வது அத்தியாயத்தில். பெண் குழந்தை என்ற செய்தி கேட்டு முகம் கறுத்துப் போகிறவனை 16-வது அத்தியாயம் கண்டிக்கிறது. நபியவர்களின் ஆண் மக்கள் எல்லோரும் சிறுவயதிலேயே போய்விட்டார்கள். வளர்ந்து ஆளானது நான்கு பெண்கள். ஸைனப், ருகையா, உம்மு குல்சூம், ஃபாத்திமா. இது உங்கள் பள்ளிவாசல் இமாமான ஹஜ்ரத்துக்குத் தெரியாதா? தெரியும். வெள்ளிக்கிழமை பயானில் ஒரு தடவை இதைப் பற்றிப் பேசச் சொல்லிக் கேளுங்கள். படியில் உட்கார்ந்து கேட்பதானால் இதையும் கேளுங்கள்.

மூத்தவள் எல்லாவற்றையும் கவனிக்கிறாள், ஒன்றும் கேட்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் செலவு நோட்டை அவளை எழுதச் சொல்லாதீர்கள், நீங்களே எழுதுங்கள். அத்தா எங்கே என்று கேட்டால் பொய் சொல்ல வேண்டாம், திட்டவும் வேண்டாம். 'அத்தா போயிருக்கார், உங்க செலவுக்குப் பணம் கேட்டு அம்மா மனு போட்டிருக்கேன்' என்று சொன்னால் போதும், அவளுக்குப் புரியும். மனு போட வரும்போது மூன்று பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், உங்கள் ஆதார், நிக்காஹ் நகல், அந்தப் போன், அந்த நோட்டு, இவ்வளவும் ஒரு பையில் இருக்கட்டும். சின்னவளுக்குப் பாலும் ஒரு மாற்றுத் துணியும் எடுத்துக்கொள்ளுங்கள், கோர்ட்டில் கூப்பிட மதியம் ஆகும்.